கொத்தாத காடை

மண்டைத் தோல் உரிந்து கிடக்கும் காடையை முதலில் தூக்கக் கூடாது. அது எங்கேயும் ஓடிப் போகாது. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கொத்தினவனை. அவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தீவனத் தொட்டியில் மூக்கை விட்டுக்கொண்டிருப்பான். கூண்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்றின் முதுகு பிய்ந்திருக்கும், ஒன்றின் கண் வீங்கியிருக்கும், ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இருக்காது. எவன் மேல் ஒரு கீறல்கூட இல்லையோ அவன்தான்.

சங்கவி அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஷெட்டுக்குள் போனால், நடு அடுக்கில் ஒரு பெட்டை கம்பி ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. உச்சந்தலையில் தோலே இல்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சேவல், செம்மண் நிற மார்பை நிமிர்த்திக்கொண்டு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன்போல நின்றது. கையை விட்டாள். விரல் நடுவில் நறுக்கென்று கொத்தியது. அதை இறக்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, சுவரோரம் இருந்த தனிப்பெட்டிகளில் ஒன்றுக்குள் தள்ளி மூடினாள்.

அந்தப் பெட்டிகளில் இருந்ததெல்லாம் இப்படிப்பட்ட சண்டைக்காரப் பயல்கள்தான். வாரம் ஒருமுறை கூட்டேரிப்பட்டு ஹைவே ஓட்டல்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். கூண்டில் இருப்பவை வேறு. இரண்டு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. குஞ்சு வளர்ந்து கூவ ஆரம்பித்ததும் கூண்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைப்பாள். கொத்தினால் பெட்டி. மிரண்டு ஓடினால் ஓடட்டும். வந்து கையில் ஏறி உட்கார்ந்தால் அதன் காலில் ஒரு பச்சை வளையம், கரண்டு வயரின் தோலை நறுக்கிச் செய்தது. வளையம் போட்ட சேவல்தான் அடுத்த தலைமுறைக்கு அப்பன். மூன்று பெட்டைக்கு ஒரு சேவல், அதற்கு மேல் கிடையாது. ஷெட்டில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு மட்டும்தான் எரியும். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ரத்தமாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சத்தில் ஒரு சொட்டு தெரிந்தால் போதும், கொத்தினவன் மட்டுமில்லை, வேடிக்கை பார்த்தவையும் சேர்ந்துகொண்டு கொத்த வரும்.

தலை உரிந்த பெட்டைக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா ஜெயம் வந்து வாசலில் நின்றாள். ஜெயத்தின் இடது புருவம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். சோறு ஆறிப்போச்சு என்று மகன் தென்னரசு வீசிய சொம்பு செய்த வேலை அது.

"மத்தியானம் பூசை முடிஞ்சு பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. திண்டிவனம் போறதுன்னா ஜல்தி கெளம்பு. வயசுக்கு வந்த தங்கச்சிய வெச்சிக்கினு அண்ணனுக்கு இன்னா அவசரம்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு, அவ காடைகூட குடித்தனம் பண்ணிக்கினு கீறான்னு."

"இந்த வாய்தான்டி ஒன்ன நிக்க வெச்சிருக்குது."

கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்த தென்னரசு கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சிரித்தான். "டிகிரி வாங்கிட்டு காடைப் பீ அள்றவள எவன் கட்டுவான்?" அவன் திண்டிவனம் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். முகையூர்ப் பக்கத்தில் புனிதா என்று ஒரு பெண்ணைப் பார்த்து எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டை வந்து பார்த்துவிட்டால் தேதி குறிக்க வேண்டியதுதான்.

சங்கவி கையைக் கழுவிக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள். "ஷெட்டுல கைய வெக்காத. லைட்ட மாத்தாத. வர்றவங்க யாரையும் உள்ள வுடாத. அவ்ளோதான் கேக்கறேன்."

"எடம் யாருதுடி?"

"அப்பாது."

"அப்பாக்கு அப்பறம்?"

அப்பா மாசிலாமணி கட்டில் ஓரமாக உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டு இல்லாததால் அவர் ஊதுவது விசில் மாதிரி கேட்கும். சாரத்திலிருந்து விழுந்தபோது போன பல் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். அப்பாக்கு அப்புறம் என்ற கேள்வி காதில் விழாததுபோல அவர் டீயையே ஊதினார்.

அன்றைக்கு அவள் வாயை அடக்கிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு ஒரு வழி பிறந்திருந்தது.

திண்டிவனத்தில் கெங்கம்மாள் என்று ஒருத்தி காடைப் பொரிப்பகம் நடத்துகிறாள். நிலபுலம் உள்ளவள், வாய் நீளம். அவள் பண்ணையில் தாய்க்காடைகள் ஒன்றையொன்று கொன்று தின்றுகொண்டிருந்தன. ஓட்டல்காரன் மூலம் சங்கவியின் காடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தாள். சங்கவி வாரம் பூராவும் சேர்த்துவைத்த முட்டைகளை உமி பரப்பிய தட்டில் அடுக்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

கெங்கம்மாளின் ஷெட் பகல் மாதிரி எரிந்தது. செத்த காடைகள் ஒரு பக்கெட்டில் கிடந்தன.

"பாரு. மூக்கக்கூட சுட்டுத் தீய்ச்சாச்சு," என்றாள் கெங்கம்மாள். "மூக்கில்லாத கழுதைங்க எகிறி எகிறி மிதிச்சே சாவடிக்குதுங்க."

"ட்யூப்லைட்ட எடுங்க மேடம். சேவல்ல பாதிய கழிங்க. புதுசா ஒண்ண வாங்கியாந்து பழைய கூண்டுல வுட்டீங்களா?"

"ஆமா."

"அது அதுங்க வூடு. உள்ள நொழையறத சும்மா வுடுமா? கலக்கறதுன்னா எல்லாத்தையும் சேத்துப் புதுக் கூண்டுல வுடணும். அங்க யாருக்கும் சொந்தமில்ல."

எல்லாரும் அம்மா என்று அழைக்கும் தன்னை இந்தக் காலனிப் பெண் மேடம் என்கிறாளே என்று கெங்கம்மாள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு முட்டைத் தட்டை வாங்கிக் குளிர் அறையில் வைத்தாள். "பின்னால ஒரு ஷெட்டு காலியா கெடக்குது. ரூமும் இருக்குது. நான் இப்பவே ஒன்கூட வர்றேன். ஒன் கூண்டுல கைய வுட்டுப் பாப்பேன். ஒண்ணுகூட கொத்தலைன்னா சாவி ஒன் கையில. அத்தினியும் இங்க ஓட்டியாந்து நீயே பாத்துக்க."

அவளே ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சங்கவி கற்பனையில் அந்தக் காலி ஷெட்டில் சிவப்பு பல்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

காலனி முனையில் தார் ரோட்டிலேயே வேன் நின்றது. "நான் இங்கயே இருக்கறேன். கூண்ட எடுத்தாந்து காட்டு."

"கூண்டு நடந்து வராது மேடம்."

கெங்கம்மாள் தன் செருப்பைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். இறங்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சங்கவிக்குச் சத்தம் கேட்டுவிட்டது. காடைச் சேவல் கூவுவது தனி தினுசு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும். அவளுடைய ஷெட்டில் இந்த நேரத்தில் ஒன்றிரண்டு கூவும். இப்போது எல்லாம் ஒன்றாகக் கூவின. அதற்கு அடியில் இறக்கைகள் கம்பியில் மோதும் சத்தம்.

அவள் ஓடினாள்.

ஷெட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு புது ட்யூப்லைட். சிவப்பு பல்பு தரையில் உருண்டு கிடந்தது. வாசலில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முகையூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் தட்டு, தட்டில் வறுத்த காடை. நடுவில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு தென்னரசு கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"தாய்க்காடைங்க, பேரன்ட் ஸ்டாக்குன்னு சொல்வாங்க மாமா. ஒவ்வொண்ணும் நானே செலக்ட் பண்ணது. பாருங்க, எப்படி வாட்டசாட்டமா கீதுன்னு."

பெண்ணின் தாய்மாமன் சின்னக்கண்ணு எலும்பைக் கடித்தபடி எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ள, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு இருக்குது?"

"வெளயாடுதுங்க மாமா."

சங்கவி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டிகள் எல்லாம் காலி. சண்டைக்காரப் பயல்களை எல்லாம் தென்னரசு கூண்டுகளில் பெட்டைகளோடு விட்டிருந்தான். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கூண்டிலும் மூன்று நான்கு சேவல்.

முதல் கூண்டில் ஒரு பெட்டை மல்லாந்து கிடந்தது. கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. இரண்டு சேவல்கள் அதன் தலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. இன்னொன்று அதன் ஆசனவாயில் கொத்திக் குடலை நூல் மாதிரி உருவிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் கண் போன ஒன்று சுற்றிச் சுற்றி ஓடிக் கம்பியில் முட்டியது. முட்டிய ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒருத்தன் அதன் கழுத்தைக் கவ்வினான். காலையில் மஞ்சள் பூசிய பெட்டை அதே மூலையில்தான் கிடந்தது. அதற்கு இப்போது முகம் இல்லை. ரத்தம் அடுக்கு அடுக்காக ஒழுகிக் கீழே இருந்த முட்டைகளின் மேல் சொட்டியது.

அவள் நேராகப் போய் ட்யூப்லைட் வயரைப் பிடித்து இழுத்தாள். ஹோல்டரோடு பிய்ந்து வந்தது. கதவை உதைத்துச் சாத்தினாள். இருட்டில் கூவுவது நின்றது. இறக்கைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து அடங்கியது.

அப்புறம் கையை விட்டாள். இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரியும், எது பிய்ந்தது, எது முழுசு என்று. முழுசாக இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. ஒன்று போட்டதும் அடுத்தது. விரல் பிளந்து அவள் ரத்தமும் அதில் சேர்ந்தது. கதவைத் திறந்து, இன்னும் துடித்துக்கொண்டிருந்தவற்றை அள்ளி வந்து நாற்காலிகளுக்கு முன்னால் கொட்டினாள்.

"வெளயாட்டு முடிஞ்சுது. தூக்கிக்கினு போங்க."

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தென்னரசின் கை அவள் கன்னத்தில் விழுந்த சத்தம் அந்த அழுகைக்கு மேல் கேட்டது. அவள் சுவரில் மோதி நின்றாள். வாய்க்குள் உப்புக் கரித்தது.

"பைத்தியம் மாமா. படிச்சுப் படிச்சு இப்படி ஆயிடுச்சு," என்றான் அவன், மூச்சுகூட வாங்காமல்.

"என் வளையக் காடைங்க எங்க?" என்றாள் சங்கவி.

அவள் பார்வை தட்டுகளுக்குப் போனது. அங்கிருந்து வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அடுப்புக்குப் பக்கத்தில், வாழை மரத்தடியில், இறகும் குடலும் குவிந்து கிடந்தன. அதன் மேல் நறுக்கிப் போட்ட கால்கள். மெல்லிய மஞ்சள் கால்கள், ஒவ்வொன்றிலும் பச்சை வளையம்.

ஜெயம் கரண்டியோடு எழுந்தாள். "தே, கத்தாத. பெட்டியில இருந்ததத்தான்டி மொதல்ல புடிக்கப் போனேன். கைய வுட்டா புடுங்குது, மூஞ்சில அடிக்குது. நேரமாவுது, அவன் வேற கத்துறான். இதுங்கதான் கைய வுட்டதும் வந்து ஏறிக்கினுச்சுங்க. அறுக்கறப்பகூட சும்மாதான்டி இருந்துச்சுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

சங்கவி குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எந்தக் கையைப் பார்த்தும் பயப்படாதே என்று இரண்டு வருஷமாக அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பயப்படாதவற்றைப் பொறுக்கி, அவற்றின் பிள்ளைகளில் இன்னும் பயப்படாதவற்றைப் பொறுக்கி, யார் கத்தியோடு வந்தாலும் ஏறி உட்காருகிற ஒரு வம்சத்தை உண்டாக்கி வைத்திருந்தாள். அம்மாவின் வேலையை அவள் பாதி முடித்தே கொடுத்திருக்கிறாள்.

ஒவ்வொரு காலாக எடுத்து வளையத்தை உருவ ஆரம்பித்தாள்.

கை கழுவ வந்ததுபோல ஒரு பெண் பின்பக்கம் வந்து நின்றாள். கல்யாணப் பெண் புனிதாவின் அம்மா பொன்னி. வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள். அவளுக்குப் பின்னால் தென்னரசும் சின்னக்கண்ணுவும் வந்தார்கள். கெங்கம்மாளும் எப்போதோ இறங்கி வந்து வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றாள் பொன்னி, "இருட்டுல பூந்து எடுத்தியே, எது கொத்துனது எது கொத்தாததுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அதுல இன்னா கஷ்டம்?" சங்கவி நிமிராமலே சொன்னாள். "கூட இருக்கறது எல்லாம் அடிபட்டிருக்கும். கொத்துனவன் மேல மட்டும் ஒரு காயம் இருக்காது."

பொன்னி தண்ணீர் மொண்ட சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயத்தின் பிளந்த புருவத்தைப் பார்த்தாள். கதவருகில் வந்து நின்ற மாசிலாமணி வாயைத் துண்டால் மூடிக்கொள்வதைப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்து வீங்கிக்கொண்டிருந்த சங்கவியின் கன்னத்தைப் பார்த்தாள். கடைசியாகத் திரும்பி, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

சொம்பைக் கீழே வைத்தாள். "கெளம்பு அண்ணா."

"இன்னா பொன்னி, தேதி..."

"கெளம்புன்னேன். எம் பொண்ண நான் இங்க வுட மாட்டேன்."

சின்னக்கண்ணு ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. தெருவில் அவர்கள் வந்த வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை தென்னரசு அசையவில்லை. அப்புறம் வந்தான்.

முடியைக் கொத்தாகப் பிடித்துக் குவியலிலிருந்து அவளைத் தூக்கினான். முகத்தை வாழை மரத்தில் மோதினான், ஒருதரம், இன்னொருதரம். "எங் கல்யாணத்த கெடுத்துட்டியேடி, எங் கல்யாணத்த கெடுத்துட்டியே!" ஜெயம் "வுட்றா, செத்துடப்போறாடா" என்று அவன் கையைப் பிடித்தாள். உதறிய வேகத்தில் அவள் அடுப்பு மேல் சாய்ந்தாள். சங்கவியின் கை தரையைத் துழாவியது. காலையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தகரத் தீவனத் தொட்டி அகப்பட்டது. அதன் விளிம்பு அவள் விரலைப் பலமுறை அறுத்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, திரும்பி, ஓங்கி வீசினாள்.

நெற்றியில் பட்டது. தோல் புருவம் வரை பிளந்து, உள்ளே ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவப்பு வந்து மூடியது. அவன் முடியை விட்டுவிட்டுத் தன் நெற்றியைப் பிடித்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. தன் ரத்தத்தை அவன் பார்த்ததே இல்லைபோல. வாயைத் திறந்து கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ, எம்புள்ள!" முந்தானையில் கங்கு பட்ட ஜெயம் அதைக்கூட அணைக்காமல் அவனிடம் ஓடினாள்.

இன்னொரு தரம் அடிக்க சங்கவி தொட்டியைத் தூக்கினாள். மாசிலாமணி நடுவில் வந்தார். தடுக்க இல்லை. ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பல் இல்லாத வாயிலிருந்து காற்றோடு சேர்ந்து வார்த்தை வந்தது. "போம்மா. இருக்கறத எடுத்துக்கினு ஜல்தி போய்டு. அவன் ஏந்திரிக்கறதுக்குள்ள."

"நீ?"

"நான் இன்னா, பழகிட்டேன்."

அவளுக்கு அவரை ஒரு அறை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஷெட்டுக்குள் போனாள். உயிரோடிருந்த பெட்டைகளை ஒரு கூடையில் போட்டு ஈரத் துணியால் மூடினாள். வளையங்கள் ரவிக்கைக்குள் இருந்தன.

வேனில் கெங்கம்மாள் இன்ஜினைப் போட்டுத் தயாராக இருந்தாள். காலனி தாண்டி, கூட்டேரிப்பட்டு மேம்பாலமும் தாண்டியாயிற்று. சங்கவி ஜன்னல் வழியாகத் துப்பினாள். எச்சிலில் பாதி ரத்தம்.

"கைய வுட்டுப் பாக்கறேன்னு வந்தேன்," என்றாள் கெங்கம்மாள் ரோட்டைப் பார்த்தபடி. "பாக்க ஒண்ணும் இல்லாம போச்சு."

"முட்டை ஒங்ககிட்ட தான் இருக்குது. இன்னிக்கு கலந்ததுக்கு முன்னால வெச்சது. அதுல இருக்கறது அதுங்க ரத்தம்தான்."

"அப்ப குஞ்சு வரட்டும். வளந்ததும் வந்து கைய வுட்டுப் பாக்கறேன்."

"வுடாதீங்க." சங்கவி ரவிக்கைக்குள்ளிருந்து வளையங்களை எடுத்து மடியில் கொட்டி, காய்ந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினாள். "தப்பா பொறுக்கிட்டேன் மேடம். கைக்கு வர்றத பொறுக்குனேன். கைக்கு வந்துச்சு, செத்துச்சு. கூட இருக்கறத கொத்தக் கூடாது, அது மட்டும்தான் வேணும். வெளிய இருந்து கை வந்தா சதையோட புடுங்கணும். இனிமே அப்படிப்பட்டதுக்குத்தான் வளையம்."

கெங்கம்மாள் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் திருப்பி, வீங்கிக் கருத்த அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஷெட்டு என்னுது. அப்ப என் கையையும் புடுங்குமா?"

"புடுங்கும்," என்றாள் சங்கவி, அடுத்த வளையத்தைச் சுரண்டிக்கொண்டே.